சுவரும் சித்திரமும்

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. தேர்வு நெருங்குங்கால் மாணவர் ஊணும் உறக்கமும் ஒழித்துப் படித்து உடலைக் கெடுத்துக்கொள்ளும்போது, பெற்றோரும் ஆசிரியரும் இப்பழமொழியையே எடுத்து ஓதுவர். உடல் சுவர்; கல்வி சித்திரம். இவ்வுவமையைக் கேட்டுப் பழகிய நாம், அதன் நேர்ப்பொருளைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. சுவர் உளது, அதன்மேல் எச்சித்திரத்தை வைப்பது? எவ்விடத்து வைப்பது? வைத்ததை எங்ஙனம் காப்பது? இவ்வினாக்களுக்கு இல்லம் நடத்துவோரும் வாணிகம் நடத்துவோரும் அறிந்தோ அறியாமலோ நாள்தோறும் விடை கூறியே வருகின்றனர். அவ்விடையை அறிந்து கூறுதல் நலம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

என் தாய்வழிப் பாட்டனார் இல்லத்துக் கூடத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, அவர்தம் தந்தையார் தஞ்சாவூரிலிருந்து வைக்கோல் சுற்றி வண்டியிற் கொணர்ந்த வெண்ணெய்க் கண்ணன் படம். பலகையின்மேல் பொற்றகடும் கற்களும் பதித்து எழுதப்பெற்றது. மற்றொன்று, ஜவுளிக் கடையில் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டியினின்று வெட்டியெடுத்த மீனாட்சியம்மை படம். இதனைப் பாட்டியார் கண்ணாடியும் சட்டமும் இடுவித்து, வெயில் படாத உட்சுவரில் மாட்டியிருந்தார். ஒரு பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது, நல்லெண்ணம் உடைய உறவினர் ஒருவர், பொன் மங்கிற்றே என்று கருதி, முகக்கண்ணாடி உடைந்துபோயிருந்த கண்ணன் படத்தை ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தார். சில திங்களில் சுண்ணப் பூச்சு புடைத்துப் பொற்றகடு செதில் செதிலாக உதிர்ந்தது. நாட்காட்டிப் படமோ இன்றும் பழுதின்றி இருக்கின்றது. விலை மிக்கது அழிந்தது. விலை இல்லாதது நின்றது. படத்தின் ஆயுள் அதன் விலையில் இல்லை, அதனை வைத்திருப்போர் அறிவில் உளது என்பதனை நான் அன்றே கற்றேன்.

படங்கள் நம் சுவர்க்கு வந்த வரலாறு

முற்காலத்தில் நம் நாட்டில் பெருஞ்சித்திரங்கள் பொதுவிடங்களுக்கே உரியனவாயிருந்தன. சித்தன்னவாசற் குகையிலும் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றிலும் சுவரே ஓவியமாயிற்று. அவற்றைக் காண மக்கள் சென்றனர். அவை மக்களிடம் வரவில்லை. இல்லங்களின் அழகோ வாயிலிற் கோலமும் சுவரிற் செம்மண் பட்டையுமாக அமைந்தது. தஞ்சையை மராட்டிய மன்னர் ஆண்ட காலத்தில், பலகையில் எழுதி எடுத்துச் செல்லத்தக்க தஞ்சாவூர்ப் படங்கள் பெருகின. பலாப் பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்துப் பூசித் தேய்த்து, வேண்டுமிடங்களிற் புடைப்பாக்கிப் பொற்றகடு பதித்து, பின்னர் வண்ணந் தீட்டுதல் இவற்றின் முறை. செல்வர் இல்லங்களிலேயே இவை இடம்பெற்றன.

ஏழைச் சுவருக்கும் படத்தை ஈந்தது அச்சுக்கலையே. 1796-ஆம் ஆண்டில் பவேரிய நாட்டைச் சேர்ந்த அலாய்ஸ் ஸெனபெல்டர் என்பார், நெய்யும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையைக் கொண்டு கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் நெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சுமை தடவினால், மை வரைந்த இடத்தில் மட்டுமே பற்றும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வொரு கல் அமைத்து ஒரே தாளில் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டால் வண்ணப்படம் கிடைக்கும்.

இம்முறையை நம் நாட்டு இல்லங்களுக்குப் பெரிதும் பயன்படுத்தியவர் கிளிமானூரில் 1848-இற் பிறந்த ராஜா ரவிவர்மா. அரண்மனைகளில் தொங்கும் அவருடைய எண்ணெய் ஓவியங்களை யாவரும் பெறுமாறு அச்சிடுவித்தல் வேண்டும் என்று திவான் மாதவராவ் அவருக்கு அறிவுரை கூறினார். 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தம் அச்சகத்தை நிறுவினார். அது பின்னர் லோனாவ்லாவை அடுத்த மளவ்லிக்கு மாறி, ஜெர்மானிய அச்சுத் தொழில் வல்லுநர் ஒருவர் கைக்குச் சென்று, 1972-இல் தீக்கிரையாயிற்று. அங்கிருந்து புறப்பட்ட இலக்குமியும் சரஸ்வதியும் இந்நாட்டின் எண்ணிறந்த வீடுகளிற் குடியேறினர். தமிழ்நாட்டில் கோவிற்பட்டிக் கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணாக்கரும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வாயிலாக நாட்காட்டிகளாகப் பரவின. வணிகர் தம் கடைப் பெயரை அடியிற் பொறித்துக் கொடுக்க, மக்கள் அவற்றைச் சுவரிலேற்றினர்.

இதனால் ஓருண்மை விளங்கும். நம் சுவர்களில் உள்ள படங்களிற் பெரும்பகுதி நாம் தேர்ந்தெடுத்தவை அல்ல. நம்மிடம் வந்து சேர்ந்தவை. வந்ததை வரவேற்றல் குற்றமன்று. ஆயினும் உண்பதையும் உடுப்பதையும் ஆராய்ந்து கொள்ளும் நாம், கண் நாள்தோறும் காண்பதை மட்டும் ஆராயாது விடுதல் பொருந்துமோ?

மூலமும் பிரதியும்

தேர்வுக்கு முதற்கண் வேண்டுவது பொருள்களின் வேற்றுமையறிதல். சுவரில் மாட்டும் படங்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மூல ஓவியம். ஓவியன் தன் கையால் எழுதிய ஒரே பொருள். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், கோட்டுச் சித்திரம் முதலியன இதன்பாற்படும்.

இரண்டாவது, கலைஞனே அச்சுக்கென்று வரைந்து எடுக்கும் அச்சோவியம். மரக்கட்டையைச் செதுக்கியோ, செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்தோ, கல்லின்மேல் வரைந்தோ ஆக்கப்பட்ட அச்சினின்று குறிப்பிட்ட சில படிகள் மட்டும் எடுக்கப்படும். இவற்றுக்கு முன்னதாக வேறு ஓவியம் இல்லையாதலின், ஒவ்வொரு படியும் மூலம் என்றே மதிக்கப்படும். படத்தின் கீழ் இடப்புறத்தில் 12/50 என்று பென்சிலால் எழுதியிருப்பின், ஐம்பது படிகளுள் அது பன்னிரண்டாவது எனக் கொள்க. வலப்புறத்திற் கலைஞன் கையொப்பம் இருத்தல் வழக்கம். தகட்டினின்று எடுத்ததாயின், தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடத்தையும் விரலால் உணரலாம்.

மூன்றாவது, இயந்திரப் பிரதி. ஏற்கெனவே உள்ள ஓவியத்தைப் புகைப்படமெடுத்து அச்சிட்டது. ஆப்செட் முறையில் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் ஒழுங்காக அமைந்து எல்லா நிறங்களையும் தோற்றுவிக்கும். இக்காலத்துக் கணிப்பொறி வழி மைத்துளி தெளித்து அச்சிடும் முறையில் அப்புள்ளிகள் மிக நுண்ணியனவாய் ஒழுங்கின்றித் தூவினாற் போலக் காணப்படும்.

இவற்றைப் பிரித்தறியப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கண்ணாடியைக் கொண்டு நோக்கினால் புள்ளிகள் உண்மையை உரைத்துவிடும். என் நண்பர் ஒருவர் தம் புதிய அலுவலகத்துக்கென ஓர் இயற்கைக் காட்சியை மூல ஓவியம் என்று நம்பிப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார். கித்தான் துணியில் அமைந்து, தூரிகைத் தடங்களும் தெரிந்தமையால் அவருக்கு ஐயம் எழவில்லை. பின்னர் ஒரு மாலை, சாளர வெளிச்சம் பக்கவாட்டிற் பட்டபோது, அத்தடங்கள் மரத்தையும் நீரையும் பின்பற்றாது குறுக்கும் நெடுக்குமாக ஓடுதலைக் கண்டார். அச்சிட்ட துணியின்மேல் நிறமற்ற மெழுகெண்ணெயைத் தூரிகையால் தடவி விற்றிருந்தனர். அப்படம் இன்றும் அவர் அறையில் உளது. ஆயின் அவர் அதனை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இதனால் பிரதி இழிந்தது என்பது என் கருத்தன்று. பிரதியைப் பிரதியென்றே சொல்லி விற்பதும் வாங்குவதும் நேர்மையான வாணிகம். ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் நம்மால் வாங்கற்பாலன அல்ல. அவை சென்னை எழும்பூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலை போன்ற இடங்களிற் காணற்பாலன. நல்ல பிரதி அக்காட்சியை நினைவூட்டும் தூதுவனாகும். தூதுவன் தன்னை அரசனென்று கூறிக்கொள்ளும்போதே குற்றம் பிறக்கின்றது. மேலும், பிரதிக்கும் எண்ணிட்டுக் கையொப்பமிடும் வழக்கம் இன்று உண்டாதலின், எண் ஒன்றனையே சான்றாகக் கொள்ளலாகாது. யாது பொருள், எம்முறையில் ஆக்கியது, எத்துணைப் படிகள் என்று விற்பவரைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்க.

இல்லத்துக்குத் தேர்தல்

இல்லத்துக்குப் படம் வாங்குவோர் சிலர், நாற்காலி மெத்தையின் நிறத்துக்கு இசைந்ததாக வேண்டும் என்று கேட்கின்றனர். மெத்தை சில ஆண்டுகளிற் கிழியும். படம் தலைமுறை கடந்து நிற்கும். ஆதலின் மெத்தைக்குப் படத்தைத் தேடாது, மனத்துக்குப் படத்தைத் தேடுக. கண்டவுடன் கவர்வதெல்லாம் உடனுறையத் தக்கதன்று. மீண்டும் ஒருமுறை சென்று பார்க்க. முதல்முறை காணாத ஒன்றை இரண்டாம் முறை காட்டுமாயின் அது வாங்கத்தக்கது.

மூல ஓவியம் செல்வர்க்கே உரியது என்பது பிழையான எண்ணம். 1850-இல் டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. கும்பகோணத்திலும் அத்தகைய கல்லூரி உளது. இத்தகைய கல்லூரி மாணவர்தம் சிறு வரைபடங்களும் மரக்கட்டை அச்சோவியங்களும் பெயர்பெற்ற ஓவியர் விலைக்கு விற்பனவல்ல. விடுதி மாணவர் ஓராண்டில் வாங்கும் பயனில் பொருள்களைச் சற்றுக் குறைத்தால் ஒன்று பெறலாம். சிறிது பெரிது என்னும் வேற்றுமை சுவருக்கு உண்டு, உள்ளத்துக்கு இல்லை.

அளவைப் பற்றி ஒரு பொதுவிதி கூறலாம். இருக்கை அல்லது மேசையின் மேல் மாட்டும் படமோ படத்தொகுதியோ அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருப்பின் கண்ணுக்கு அமைதி தரும். அகன்ற சுவரில் ஒரு சிறு படம் தனித்து நிற்பின் அநாதைபோலத் தோன்றும். அதனைக் குறுகிய சுவரிலோ எழுதுமேசையின் அருகிலோ வைத்தால் நண்பன்போல விளங்கும். பலவற்றைச் சேர்த்து மாட்டுவதாயின், முதலில் அவற்றைத் தரையிற் பரப்பி ஒழுங்கு செய்து பார்த்தபின் ஆணியடிப்பது அறிவுடைமை.

தொழிலிடங்களில்

கடையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் உள்ள படங்களைக் காண்போர், தாமாக வந்தவரல்லர். காரியத்தின்பொருட்டு வந்து காத்திருப்போர். ஆதலின் அங்கு உரிமையாளரின் விருப்பத்தோடு வருவோரின் மனநிலையையும் எண்ணுதல் கடன். இது பற்றி நினைவுகூரத்தக்க ஓர் ஆராய்ச்சி உண்டு. ரோஜர் உல்ரிச் என்பார் 1984-இல் ‘ஸயன்ஸ்’ இதழில் அதனை வெளியிட்டார். பென்சில்வேனியா மாகாணத்து மருத்துவமனையொன்றிற் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளரை அவர் ஒப்பிட்டார். 23 பேருடைய சாளரம் மரங்களை நோக்கியது. ஏனை 23 பேருடையது செங்கற்சுவரை நோக்கியது. மரங்களைக் கண்டிருந்தோர் விரைவில் வீடு திரும்பினர். வலுவான வலிநீக்கு மருந்துகளையும் குறைவாகவே கொண்டனர். இது படத்தைப் பற்றிய ஆராய்ச்சியன்று, சாளரத்தைப் பற்றியதே. ஆயினும் கண்ணெதிரே உள்ள காட்சி நோயாளர்க்கு ஒரு பொருட்டே என்பது இதனாற் பெறப்படும். மருத்துவர் காத்திருப்பறையில் அறுத்துக் காட்டிய குடலின் படத்தை மாட்டுமுன் இதனைச் சிறிது சிந்திப்பாராக.

வணிகர் அறியவேண்டிய சட்டமும் ஒன்றுண்டு. ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் அப்பொருளுக்கே உடைமையாளர். அதனைப் படியெடுக்கும் உரிமை அதனோடு தானே வந்துவிடுவதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அவ்வுரிமை ஓவியரின் வாழ்நாளிலும் அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஆகவே, வரவேற்பறையில் மாட்டுதற்கு வாங்கிய படத்தை, உரிமையுடையார் இசைவின்றிக் கடை நாட்காட்டியில் அச்சிடலாகாது. கூலி கொடுத்துத் தாமே எழுதுவித்த படத்துக்கு வேறு விதி உளதாதலின், எழுதுவிக்கும்போதே உரிமையைப் பற்றி உடன்பாடு எழுதிக்கொள்ளுதல் இருவர்க்கும் நன்று.

மாட்டும் முறையும் காக்கும் முறையும்

நம் பழைய வீடுகளிற் படங்களை நிலைக்கு மேல் உயரத்தில் முன்சாய்வாக மாட்டுவர். அவை வணங்குதற்கு உரியனவாதலின் அது பொருந்தும். பார்த்து மகிழ்தற்கு உரிய படத்துக்கோ அவ்வுயரம் ஆகாது. பொருட்காட்சிசாலையார் படத்தின் நடுப்பகுதி தரையினின்று 57 முதல் 60 அங்குல உயரத்தில் நிற்குமாறு மாட்டுவர். நிற்பவரின் கண்மட்டம் அதுவே. பாயில் அமர்ந்து பேசும் கூடமாயின் இன்னும் தாழ்த்துக. ஓராணியில் தொங்கும் படம் கோணும். இரண்டு கொக்கிகளில் தொங்குவது நேர் நிற்கும்.

படத்துக்குப் பகை நான்கு: வெயில், ஈரம், புகை, பூச்சி.

வெயிலே தலையாயது. நேர் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஆகும். தாளில் எழுதிய நீர்வண்ண ஓவியங்களுக்குப் பொருட்காட்சிசாலைகள் 50 லக்ஸ் அளவே தருகின்றன. எண்ணெய் ஓவியத்துக்கு 200 அளவிற் கொடுப்பர். ஒளியாற் போன நிறம் மீளாது. இன்று சிறிது நாளை சிறிதெனப் போவது கூடிக்கொண்டே செல்லும். ஆதலின் சாளரத்துக்கு எதிர்ச்சுவரில் நீர்வண்ணத்தை மாட்டற்க.

ஈரம் அடுத்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிச்சுவர் நீரை உறிஞ்சிப் படத்தின் முதுகுக்கு அளிக்கும். காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 65 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் பூஞ்சணம் தோன்றும். தாட்படத்தை உட்சுவரிலேயே மாட்டுக. சட்டத்தின் கீழ்மூலை இரண்டிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் முதுகுக்கும் சுவருக்கும் இடையே காற்றோடும். கண்ணாடி தாளைத் தொடலாகாது. தொட்டால் ஈரம் கோத்துத் தாள் ஒட்டிக்கொள்ளும். இடையே அட்டைச் சட்டம் இட்டு விலக்குக. அவ்வட்டையும் அமிலமற்றதாதல் வேண்டும். மலிந்த மரக்கூழ் அட்டை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கும். படத்தை நேரே பசைநாடாவால் ஒட்டுதல் அதனைக் கொல்லுதலை ஒக்கும்.

விளக்குப்புகையும் ஊதுவத்திப் புகையும் பொன்னை மறைக்கும். விளக்கைச் சற்று விலக்கி வைப்பது போதும். பூச்சிகளுக்கு அஞ்சி மருந்தைப் படத்தின்மேல் தெளிக்கலாகாது; ஆண்டுக்கு இருமுறை படத்தை இறக்கி முதுகுப்புறத்தைப் பார்த்தாலே கறையானும் வெள்ளிப்பூச்சியும் வெளிப்படும். தூசியை மெல்லிய உலர்ந்த தூரிகையால் நீக்குக. தஞ்சாவூர்ப் படத்தைத் தண்ணீர் காட்டித் துடைக்கலாகாது என்பதற்கு என் பாட்டனார் இல்லத்துக் கண்ணனே சான்று.

முடிவுரை

ஓவியரும் உண்டு வாழவேண்டியவரே. 1966-ஆம் ஆண்டில் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னைக் கலைப்பள்ளியைச் சார்ந்த கலைஞர், நகரை அடுத்த கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்னும் கலைஞர் குடியிருப்பை நிறுவினர். ஓவியம் மட்டும் சோறிடாதென்று கண்டு, துணியில் மெழுகு வண்ண வேலை முதலிய கைத்தொழில்களைச் செய்து விற்று, அவ்வருவாயால் ஓவியத்தைக் காத்தனர். ஒரு நாட்டின் சுவர்கள் வாங்காவிடின் அந்நாட்டின் ஓவியர் எழுதுதற்கு எங்குச் செல்வர்?

ஆதலின் இக்கல்லூரி இளைஞர்க்கும் இதனை விட்டுச் சென்ற பழைய மாணவர்க்கும் ஒன்று கூற விரும்புகின்றேன். முதற் சம்பளத்திற் பலவும் வாங்குவீர்கள். அவற்றோடு வாழும் கலைஞர் ஒருவருடைய சிறு படம் ஒன்றையும் வாங்குங்கள். இயலாவிடின், நன்கு அச்சிட்ட பிரதியொன்றைப் பிரதியென்றே அறிந்து வாங்குங்கள். அதன் பின்னட்டையில் எழுதியவர் யார், வாங்கிய இடம் யாது, ஆண்டு யாது என்பதனைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

பொன்னுதிர்ந்த அக்கண்ணன் பலகை இப்பொழுது என் படிப்பறையில் இருக்கின்றது. முகம் மட்டும் ஒருவாறு எஞ்சியுள்ளது. திருப்பிப் பார்த்தால் முதுகில் எழுத்து ஒன்றும் இல்லை. அதனை எழுதிய கை யாருடையது என்று அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் இன்று எவரும் இலர்.